குகைக்குள் ஒரு கேள்வி

விக்கிரமாதித்தன் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு மன்னன் நடப்பான். வேதாளம் ஒரு கதை சொல்லும். கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் மன்னனின் தலை சுக்குநூறாக வெடித்துவிடும்; சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரமேறிவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விடை சொல்ல வேண்டியவன் மன்னன்தானே தவிர நாமல்ல. நமக்குப் பக்கத்தைத் திருப்பினால் போதும். 'விடையை நீயே கண்டுபிடி, பிறகுதான் அடுத்த பக்கம் திறக்கும்' என்று ஒரு புத்தகம் நம்மைப் பார்த்துச் சொன்னால் எப்படி இருக்கும்? அத்தகைய புத்தகம் ஒன்று 1970களின் நடுவில் தோன்றியது. அது அச்சிடப்பட்டதன்று, கணிப்பொறியில் ஓடியது.

சாகசக் கதை விளையாட்டு என்று அந்த வகைக்குப் பெயர். சுடுவதும் துரத்துவதும் இதில் முக்கியமல்ல. கதைக்குள் நீங்களே ஒரு பாத்திரமாக நுழைகிறீர்கள். கதை ஒரு புதிரில் வந்து நிற்கிறது. புதிர் அவிழ்ந்தால் கதை நகரும். அவிழாவிட்டால் நாள் கணக்கில் அங்கேயே நிற்கும்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். வினாத்தாள் தயாரிப்பதும் என் வேலைகளுள் ஒன்று. ஆகவே இந்த விளையாட்டுகளின் வரலாற்றை வினாத்தாள் தயாரிப்பவனின் கண்கொண்டுதான் என்னால் பார்க்க முடிகிறது. கடினமான கேள்வி வேறு, நேர்மையற்ற கேள்வி வேறு. விடை தெரிந்ததும் 'அடடா, இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டுமே' என்று மாணவன் தலையில் தட்டிக்கொண்டால் அது நேர்மையான கேள்வி. 'இதை எவனால் கண்டுபிடிக்க முடியும்?' என்று கோபித்துக்கொண்டால் தவறு பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கும். விளையாட்டுகளை ஆக்கியவர்களுக்கு இந்த வேறுபாடு புரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. சிலருக்குப் புரிவதற்குள் தொழிலே கைவிட்டுப் போயிற்று.

மகள்களுக்காக ஒரு குகை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையை நிலத்தடி நீர் பல இலட்சம் ஆண்டுகள் கரைத்துக் கரைத்துக் குடைந்த பாதைகள் அவை. இதுவரை அளக்கப்பட்ட நீளம் 400 மைலுக்கு மேல். உலகில் நாம் அறிந்த குகைகளுள் இதுவே மிக நீளமானது.

1972க்கு முன் மாமத் குகை ஒன்று, அருகிலுள்ள ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதி மற்றொன்று என்றே கணக்கு. இரண்டும் எங்கோ இணைகின்றன என்ற ஐயம் மட்டும் நெடுநாளாக இருந்தது. அந்த ஆண்டுக் கோடையில் பட்ரீசியா குரௌதர் என்ற பெண்மணி, மற்றவர்கள் நுழைய முடியாத ஓர் இடுக்கில் தம் மெலிந்த உடலைச் செருகி அப்பால் சென்றார். அந்த வழியே தொடர்ந்து தேடியபோது, சுவரில் பழங்கால வழிகாட்டி ஒருவரின் பெயரும் ஓர் அம்புக்குறியும் தென்பட்டன. செப்டம்பர் 9ஆம் நாள் ஆறு பேர் கொண்ட குழு சேற்றிலும் நீரிலும் ஊர்ந்து மாமத் குகைக்குள் வெளிப்பட்டது. பட்ரீசியாவும் அக்குழுவில் இருந்தார். இரண்டு குகைகள் ஒன்றாயின.

பட்ரீசியாவின் கணவர் வில்லியம் குரௌதர் அப்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'போல்ட், பெரானெக் அண்ட் நியூமன்' என்ற நிறுவனத்தில் நிரல் எழுதுபவராக இருந்தார். இன்றைய இணையத்துக்குப் பாட்டனாரான ஆர்ப்பாநெட் என்ற கணிப்பொறி வலையில், செய்திகளைக் கணுவுக்குக் கணு கடத்தும் பொறிகளுக்கு நிரல் எழுதிய சிறு குழுவில் அவரும் ஒருவர். கணவன் மனைவி இருவரும் குகை அளவை எடுப்பவர்கள். சேறு படிந்த குறிப்பேடுகளிலிருந்த தூரங்களையும் கோணங்களையும் கணிப்பொறிக்கு ஊட்டி வரைபடம் வரைந்தார்கள்.

பிறகு மணமுறிவு ஏற்பட்டது. வில்லியம் குகைக்குப் போவது நின்றது. இரண்டு மகள்களையும் எப்போதாவதுதான் பார்க்க முடிந்தது. அவர்கள் வரும்போது விளையாட ஏதாவது வேண்டும் என்று எண்ணி, தாம் இழந்த குகையையே கணிப்பொறிக்குள் கட்டத் தொடங்கினார். ஆண்டு 1975-76. கணிப்பொறி பி.டி.பி-10, மொழி ஃபோர்ட்ரான். அந்நாட்களில் அவர் நண்பர்களோடு ஆடிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனை விளையாட்டிலிருந்து மந்திரமும் கோடரி வீசும் குள்ளர்களும் குகைக்குள் குடியேறினார்கள். விளையாட்டின் பெயர் 'அட்வென்ச்சர்'.

படம் ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சில வரிகளில் கணிப்பொறி விவரிக்கும். நீங்கள் ஒரு வினைச்சொல்லும் ஒரு பெயர்ச்சொல்லுமாகத் தட்டச்சு செய்ய வேண்டும்: விளக்கை எடு, கதவைத் திற என்பதுபோல. கணிப்பொறி பழகாதவர்களும் அஞ்சாமல் ஆட வேண்டும் என்பதற்காகவே இயல்பான சொற்களை வைத்ததாகக் குரௌதர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

இங்கே கொஞ்சம் கணக்கு. பி.டி.பி-10 கணிப்பொறி தன் நினைவகத்தை 36 பிட் கொண்ட அறைகளாகப் பிரித்து வைத்திருந்தது. ஓர் எழுத்துக்கு 7 பிட் தேவை. ஆக ஓர் அறையில் ஐந்து எழுத்துகள் அடங்கும். 35 பிட் போக ஒன்று மிச்சம். ஒரு சொல்லுக்கு ஓர் அறை என்று வைத்தால் முதல் ஐந்து எழுத்துகளோடு சரி, மீதியைக் கணிப்பொறி பார்ப்பதே இல்லை. இதனால் ஒரு வேடிக்கை நேர்ந்தது. ஆங்கிலத்தில் 'நார்த்' என்றாலும் 'நார்த்ஈஸ்ட்' என்றாலும் முதல் ஐந்து எழுத்து ஒன்றே. வடகிழக்குப் போக நினைத்தவர் வடக்கே போய்ச் சேருவார்! ஆகவே வடகிழக்குக்குச் சுருக்கெழுத்தைப் பயன்படுத்துமாறு விளையாட்டே முன்கூட்டி எச்சரித்தது.

குகை முழுவதும் ஓர் அட்டவணைதான். எந்த அறையிலிருந்து எந்தச் சொல்லைச் சொன்னால் எந்த அறைக்குப் போகலாம் என்ற எண்களின் வரிசை. குகை அளவைக் குறிப்பேடும் இப்படித்தான் இருக்கும்: இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு, இவ்வளவு தூரம், இந்தத் திசை. அளந்து பழகிய கை அதே முறையில் கற்பனைக் குகையையும் எழுதியது என்று கருத இடமுண்டு. அளவையும் துல்லியமாகவே அமைந்தது. மாமத் குகைத் தொகுதியில் பெட்குவில்ட் என்ற பகுதிதான் விளையாட்டின் உண்மையான களம். பிற்காலத்தில் அளவைக் குழுவினர் ஒருமுறை அங்கே சென்றபோது, விளையாட்டை மனப்பாடமாக அறிந்த ஒரு பெண்மணி உடன் சென்றார். அதற்கு முன் அந்தக் குகையை அவர் கண்டதில்லை. வேலை முடிந்து திரும்புகையில் அவரையே முன்னால் விட்டார்கள். ஒரு திருப்பம்கூடத் தவறாமல் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து சேர்த்தார்!

பறவையும் பிரம்பும்

1977இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திலிருந்த டான் வுட்ஸ் என்ற மாணவர் இவ்விளையாட்டை விரிவுபடுத்தினார். ஆக்கியவர் பெயர் குரௌதர் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது, முகவரி தெரியாது. வலையிலிருந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் 'குரௌதர்' என்ற பெயருக்குக் கடிதம் அனுப்பிவைத்தார். வலை அவ்வளவு சிறியதாக இருந்த காலம்! குரௌதர் இசைவு தந்தார். மதிப்பெண், கூடுதல் புதிர்கள், அணைந்துபோகும் விளக்கு எல்லாம் வுட்ஸ் சேர்த்தவை. மொத்த மதிப்பெண் 350. இந்த வடிவம்தான் காந்த நாடாக்களில் பிரதியெடுக்கப்பட்டு ஆய்வகம் ஆய்வகமாகப் பரவியது. கணிப்பொறித் துறையின் வேலை முழுவதும் இரண்டு வாரம் பின்தங்கியது என்று பொறியாளர்களே கேலி செய்தார்கள்.

இனி இதன் புதிர்களைச் சோதித்துப் பார்ப்போம். குகையில் ஓர் அறையில் சிறு பறவை ஒன்று இருக்கிறது. உங்களிடம் கூண்டும் உண்டு, வழியில் கிடைத்த கறுப்புப் பிரம்பும் உண்டு. பறவையைப் பிடிக்கப் போனால் அது மிரண்டு விலகுகிறது. நீங்கள் அறைக்குள் வந்தபோது அஞ்சாத பறவை, கிட்டே போனதும் மிரளுகிறது என்று விளையாட்டு சொல்கிறது. கையில் என்ன இருக்கிறது என்று யோசிப்பவர் பிரம்பைக் கீழே வைப்பார். பறவை கூண்டுக்குள் வந்துவிடும். ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை இது. நேர்மையான கேள்வி என்பேன்.

குகையில் ஒரு புதிர்ப்பாதையும் உண்டு. அதன் எல்லா அறைகளுக்கும் ஒரே விவரிப்புதான். வடக்கே சென்று தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கு வருவீர்கள் என்ற உறுதியும் இல்லை. என்ன செய்வது? கையிலுள்ள பொருள்களை அறைக்கு ஒன்றாகப் போட்டுவைத்தால் அறைகள் வேறுபட்டுவிடும். பிறகு தாளும் பென்சிலும் எடுத்து வரைபடம் வரைய வேண்டியதுதான். குகையை அளந்தவர்களின் அடையாள முறை இங்கே நமக்கே வேலையாக வருகிறது. இந்த ஒரு புதிருக்காகவே இவ்விளையாட்டை மாணவர்கள் ஆடிப் பார்க்கலாம்.

ஆனால் அந்த 350ஆவது மதிப்பெண்ணைக் கேளுங்கள். குகையில் கிடைக்கும் ஒரு சஞ்சிகையைக் குறிப்பிட்ட ஓர் அறையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஏன்? காரணம் கிடையாது, குறிப்பும் கிடையாது. நிரலையே பிரித்துப் பார்த்தவர்கள்தான் பலரும் அந்த ஒரு மதிப்பெண்ணைப் பெற்றார்கள். ஆக, முதல் விளையாட்டிலேயே நேர்மையான கேள்வியும் நேர்மையற்ற கேள்வியும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தன.

குரௌதர் எழுதிய முதல் வடிவம் தொலைந்துவிட்டதென்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் வுட்ஸின் பழைய மாணவக் கணக்கின் காப்புப் பிரதியில் அது கிடைத்தது. டென்னிஸ் ஜெர்ஸ் என்ற பேராசிரியர் அதை ஆராய்ந்து, குகைக்கும் நேரில் சென்று ஒப்பிட்டு, 2007இல் கட்டுரையாக வெளியிட்டார். குரௌதர் வெறும் குகையை எழுதினார், கற்பனையெல்லாம் வுட்ஸின் கைவரிசை என்று அதுவரை வழங்கிவந்த கதை அப்போது பொய்த்தது. மந்திரமும் புதிரும் முதலிலேயே இருந்தன.

கண்ணுக்குத் தெரியாத மை

'அட்வென்ச்சர்' ஆடி முடித்த கையோடு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நால்வர் 1977இல் 'ஸோர்க்' என்ற விளையாட்டைத் தொடங்கினார்கள். டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் என்பவர்கள் அவர்கள். இரண்டு சொல் கட்டளை இவர்களுக்குப் போதவில்லை. வாளால் பூதத்தைத் தாக்கு, விளக்கைத் தவிர மற்றெல்லாவற்றையும் பெட்டியில் வை என்ற அளவுக்கு வாக்கியங்களைப் பிரித்துப் பொருள் காணும் நிரலை எழுதினார்கள்.

1979இல் 'இன்ஃபோகாம்' என்ற நிறுவனம் உருவாயிற்று. பெரிய கணிப்பொறியில் ஏறத்தாழ ஒரு மெகாபைட் பிடித்த விளையாட்டை, அதில் சிறு பங்கே நினைவகம் கொண்ட வீட்டுக் கணிப்பொறிக்குள் எப்படி அடைப்பது? விளையாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். அதைவிடப் பெரிய தந்திரம் மற்றொன்று. எங்குமே இல்லாத ஒரு கற்பனைக் கணிப்பொறியை வடிவமைத்து அதற்கென்று கதையை எழுதினார்கள். பிறகு ஒவ்வொரு வகை உண்மைக் கணிப்பொறிக்கும், அந்தக் கற்பனைப் பொறியைப்போல நடிக்கும் சிறு நிரல் ஒன்றை மட்டும் எழுதினால் போதும். கதையைத் தொட வேண்டியதில்லை. இன்றும் கைப்பேசியில் அந்தக் கதைகளை அப்படியே ஆட முடிவது இதனால்தான்.

புதிரில் மாட்டிக்கொண்டவர்கள் உதவி கேட்டுக் கடிதம் எழுதலானார்கள். அதிலிருந்து ஒரு புதுமை பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட குறிப்பேடு! கேள்வி மட்டும் தெரியும். அடியில் வெற்றுக் கட்டங்கள். உடன் வரும் பேனாவைத் தேய்த்தால் மை வினைபுரிந்து எழுத்து தோன்றும். முதல் கட்டத்தில் சிறு தூண்டுதல், அடுத்ததில் சற்றுத் தெளிவு, கடைசிக் கட்டத்தில்தான் முழு விடை. மாணவனுக்கு எந்த அளவு உதவ வேண்டும் என்பதை இதைவிட நன்றாக யோசித்த பாடநூலை நான் கண்டதில்லை. ஆனால் குறிப்பேடு தனி விலை. பிற நிறுவனங்கள் கட்டணம் பெற்றுத் தொலைபேசியிலும் விடை சொல்லின. குறிப்பும் ஒரு விற்பனைப் பொருளாகிவிட்டால், கேள்வியை நேர்மையாக வைக்க வேண்டும் என்ற அக்கறை குறையாதா? இந்த ஐயம் எனக்கு உண்டு.

1984இல் எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ், இன்ஃபோகாமின் ஸ்டீவ் மெரெட்ஸ்கியுடன் சேர்ந்து தம் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' கதையை விளையாட்டாக்கினார். நகைச்சுவைக்கு ஈடு இணை இல்லை. ஆனால் தொடக்கத்தில் உணவு விடுதியில் ஒரு ரொட்டித் துண்டத்தை வாங்கித் தெருவிலுள்ள நாய்க்குப் போட வேண்டும். போடாவிட்டால் அப்போது ஒன்றும் ஆகாது. பல மணி நேரம் கழித்து, எங்கோ ஒரு கட்டத்தில் அந்த நாய் உங்களை விழுங்கிவிடும்! நாய்க்குச் சோறு போட மறந்தது அப்போதுதான் தெரியவரும். திரும்பிப் போகவோ வழி இல்லை. அந்த ஊரிலிருந்த பூமியே அழிந்து போயிருக்கும். முதல் கேள்வியில் நேர்ந்த தவறைச் சொல்லாமல் வைத்திருந்து பத்தாவது கேள்வியில் மாணவனைத் தோற்கடிப்பதற்கு ஒப்பானது இது.

படங்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். வீட்டுத் தொலைத்தட்டச்சுப் பொறியில் 'அட்வென்ச்சர்' ஆடி மயங்கிய ரோபெர்ட்டா வில்லியம்ஸ் என்ற இல்லத்தரசி, தம் கணவர் கென் உதவியுடன் 1980இல் 'மிஸ்டரி ஹவுஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார். கோட்டுப் படங்கள்தான், ஆயினும் படத்துடன் வந்த முதல் சாகசக் கதை விளையாட்டு அது. அதிலிருந்து வளர்ந்ததே சியரா நிறுவனம். (இதே தம்பதியர் முதுமையில், 2023இல், குரௌதரின் குகையையே முப்பரிமாணப் படமாக ஆக்கி வெளியிட்டார்கள்.) 1984இல் வந்த இவர்களுடைய 'கிங்ஸ் குவெஸ்ட்' அழகானது. ஆனால் அதில் ஒரு குள்ளனின் பெயரை ஊகிக்க வேண்டும். ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையில் வரும் ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின்தான் அவன். பின்னோக்கிச் சிந்திப்பது நன்று என்று ஒரு குறிப்புத் தாள் வேறு கிடைக்கிறது. பெயரைத் திருப்பி எழுதிப் பார்ப்பீர்கள், தவறு! ஆங்கில நெடுங்கணக்கையே தலைகீழாக்கி, முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாம் எழுத்துக்குக் கடைசிக்கு முந்திய எழுத்து என்று மாற்றி எழுதினால்தான் சரி. குறிப்பைச் சரியாகப் புரிந்துகொண்டவனையும் தண்டிக்கும் கேள்வி!

விமரிசகரின் வேலை

இத்தகைய விளையாட்டை மதிப்பிடுவது எளிதன்று. புதினத்துக்கு மதிப்புரை எழுதுபவர் முடிவைச் சொல்லாமல் விட்டால் போதும். இங்கோ புதிர் நேர்மையானதா என்று சொல்ல வேண்டும். ஆனால் விடையைச் சொல்லிவிடக் கூடாது. 1980களில் 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு' என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் ஸ்கார்ப்பியா என்ற புனைபெயரில் எழுதிய பெண்மணி இந்தக் கலையில் பெயர் பெற்றவர். குறிப்பும் தருவார், குறையும் சொல்வார். பெரிய நிறுவனம் என்று விட்டுவிடமாட்டார்.

ஆக்குபவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் 1987இல் 'மேனியாக் மேன்ஷன்' ஆக்கிய ரான் கில்பர்ட், 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். சாகசக் கதை விளையாட்டுகள் ஏன் சகிக்க முடியாதவையாக இருக்கின்றன என்பது பொருள். செத்துச் செத்துத்தான் கற்க வேண்டும் என்ற நிலை கூடாது. முன்பே எடுக்கத் தவறிய பொருளுக்காகப் பின்னால் முட்டுச்சந்தில் நிறுத்தக் கூடாது. பூட்டைக் காணுமுன்பே சாவி கையில் கிடைக்கக் கூடாது, பூட்டைப் பார்த்த பிறகுதான் சாவியைத் தேடும் ஆவல் பிறக்கும் என்றெல்லாம் வாதிட்டார். 1990இல் அவர் ஆக்கிய 'மங்கி ஐலண்டு' விளையாட்டில் சொன்னதைச் செய்தும் காட்டினார். அதில் உங்களைக் கொல்வது ஏறக்குறைய இயலாத காரியம். ஆனாலும் புதிர்கள் கடினமானவை. கடினமும் கொடுமையும் ஒன்றல்ல என்பதற்கு அது போதிய சான்று.

1993இல் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்கள் வெளியிட்ட 'மிஸ்ட்' சொற்களையே ஏறக்குறைய விட்டுவிட்டது. ஆளற்ற தீவு, இயந்திரங்கள், நீங்கள். 60 இலட்சத்துக்கு மேல் விற்றது. அதன் அமைதி எனக்குப் பிடிக்கும். ஆனால் கதை புதிர்களுக்கு வெகு தொலைவில் நிற்கிறது என்ற குறையும் உண்டு.

பிறகு சரிவு. 1999இல் சியரா வெளியிட்ட 'கேப்ரியல் நைட்' தொடரின் மூன்றாம் விளையாட்டில் கதாநாயகன் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்காக நண்பனைப்போல வேடமிட வேண்டும். எப்படி? பூனையை ஒரு துளை வழியே ஓடச் செய்து, அங்கே ஒட்டும் நாடா வைத்து அதன் மயிரைப் பிடித்து, பாகினால் முகத்தில் மீசையாக ஒட்டிக்கொள்ள வேண்டும். நண்பனுக்கோ மீசையே கிடையாது! ஆகவே அவன் கடவுச்சீட்டுப் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். கதையின் மற்றப் பகுதி ஆழமானது, வரலாற்றுச் செய்திகள் செறிந்தது. எல்லாம் இந்தப் பூனை மயிருக்குப் பலியாயிற்று. அதே 1999இல் சியராவின் பழைய இருப்பிடமான ஓக்ஹர்ஸ்டில் பெருந்தொகையானோர் வேலை இழந்தார்கள். இன்ஃபோகாமோ பத்தாண்டுக்கு முன்பே, 1989இலேயே, மூடப்பட்டுவிட்டது. முப்பரிமாணச் சுடும் விளையாட்டுகளின் மோகம், ஏறிவிட்ட தயாரிப்புச் செலவு எல்லாம் காரணங்கள்தாம். புதிர்கள் மட்டுமே கொன்றன என்று சொல்வது மிகை.

ஆனால் அப்படித்தான் சொன்னார் எரிக் வோல்பா என்ற விமரிசகர். 2000இல் இந்த மீசைப் புதிரைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டி, இந்த வகை விளையாட்டுகளை யாரும் கொல்லவில்லை, தற்கொலை செய்துகொண்டன என்று எழுதினார். கடுமையான சொல். அவரே பின்னர் வால்வ் நிறுவனத்தில் சேர்ந்து 2007இல் வெளிவந்த 'போர்ட்டல்' விளையாட்டின் கதையை எழுதியவர்களில் ஒருவரானார். குறை சொன்னவரே சமைத்துக் காட்டும் வாய்ப்பு எல்லா விமரிசகர்களுக்கும் கிடைப்பதில்லை!

'போர்ட்டல்' நம் துறைக்கு நெருக்கமானது. இரண்டு வாயில்களைச் சுவரிலோ தரையிலோ நீங்கள் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளிவருவீர்கள், அதே வேகத்துடன். 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையிலுள்ள வாயிலுக்குள் குதிக்கிறீர்கள் என்க. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் வேகம் நொடிக்கு 10 மீட்டர். மற்ற வாயில் 5 மீட்டர் உயரத்தில் சுவரில் இருந்தால் கிடைத்திசையில் பாய்ந்து, ஒரு நொடியில் தரையிறங்குமுன் 10 மீட்டர் கடப்பீர்கள். நடுவே பள்ளம் இருந்தால் தாண்டிவிடலாம். உந்தம் மாறாது என்று விளையாட்டில் வரும் இயந்திரக் குரல் சொல்கிறது. நம் மாணவர் மறுக்க வேண்டும்: உந்தத்துக்குத் திசை உண்டு, இங்கே மாறாதது வேகம்தான், உந்தமன்று. உயரமான வாயிலில் வெளிவரும்போது நிலையாற்றல் வேறு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் விதி பொய்யானாலும் எங்கும் ஒரே சீராக இருக்கிறது. சிறு சிறு அறைகளில் அதை முதலில் கற்பிக்கிறார்கள், பிறகுதான் சோதிக்கிறார்கள். கற்பிக்காததைக் கேட்பதில்லை.

கடைசியாக, 2018இல் லூகாஸ் போப் ஆக்கிய 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. 1807ஆம் ஆண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று ஆளில்லாமல் திரும்பி வருகிறது. அதிலிருந்த 60 பேரும் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று காப்பீட்டு ஆய்வாளராகிய நீங்கள் பெயரேட்டில் எழுத வேண்டும். மாலுமிகளில் இந்தியர்களும் இருக்கிறார்கள். பேச்சின் சாயல், உடை, துணித்தொட்டிலில் எழுதிய எண் இவைதாம் தடயங்கள்.

சும்மா ஊகித்து எழுதினால்? அதைத் தடுக்கப் போப் கண்ட வழி நேர்த்தியானது. மூன்று பேரின் விவரமும் சரியாக அமைந்தால்தான் ஏடு ஒப்புக்கொள்ளும். ஒருவருக்குப் பத்துச் சாத்தியங்கள் என்று கொள்வோம். ஒவ்வொருவராகச் சரிபார்த்தால் மூவருக்கும் 30 முயற்சிகளில் முடிந்துவிடும். மூன்றும் ஒருசேரச் சரியாக வேண்டுமென்றால் 10×10×10, அதாவது 1000. ஊகம் செல்லாது. அதே வேளையில், இருவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவருக்கு மூன்றாமவரில் மட்டும் பத்து முயற்சிக்கு இடம் கிடைக்கிறது. உழைத்தவருக்குக் கொஞ்சம் சலுகை. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை வினாத்தாள் தயாரிக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். மூன்றுக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண் என்று அறிவித்துவிட்டு வகுப்புக்குள் நுழைய முடியுமா என்று கேட்கிறார்கள்.